பெரியம்மா மகன்னு ஒரு பொய்

எனக்குக் கோவம் சட்டுனு வரும். அதை முதல்லயே சொல்லிடுறது நல்லது, ஏன்னா நான் பண்ணின கூத்துல பாதிக்குக் காரணம் அந்தக் கோவம்தான். மீதிப் பாதிக்குக் காரணம் பயம். எனக்குள்ள அப்படி ஒரு பயம் உக்காந்திருக்குன்னு அப்ப யாராவது சொல்லியிருந்தா, அவங்க மேலயும் கோவப்பட்டிருப்பேன்.

தல்லாகுளத்துல அம்மாவும் நானும் மட்டும் இருக்கோம். அம்மா மிஷன் ஸ்கூல்ல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நான் ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரர். வருஷத்துல பாதி நாள் கெஸ்ட், மீதி நாள் அதுகூட இல்ல. அப்படி ஒரு லீவுலதான் அந்த சர்வே வேலை வந்துச்சு. டென்மார்க்ல இருக்கிற ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா அஞ்சு நாட்டுல ஒரே கேள்வித்தாளை வச்சுக் கேட்டுப் பாக்குறாங்க. கேஷுவல் ரிலேஷன்ஷிப்னா ஜனங்க என்ன நினைக்கிறாங்க, அதுல இறங்குறவங்க எதுக்காக இறங்குறாங்க, அவங்க சுபாவம் எப்படிப்பட்டது. மொத்தம் அறுபது கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் ஒரு நம்பர் சொல்லணும். ஒண்ணுன்னா ‘கிடையவே கிடையாது’, ஏழுன்னா ‘ஆமா, ஆமா’.

"இதையா நம்ம ஊர்ல வீடு வீடாப் போய்க் கேக்கப் போற?"ன்னு அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாங்க. "வாசல்ல செருப்பைக் கழட்டாமலே நில்லு. ஓடுறதுக்கு வசதியா இருக்கும்."

கேள்வித்தாளைத் தமிழ்ல எழுதினது நான்தான். கேஷுவல்ங்கிறதுக்கு அகராதியில இருக்கிற வார்த்தையெல்லாம் போட்டுப் பாத்தேன். ஒண்ணைப் படிச்சா ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருந்துச்சு, இன்னொண்ணைப் படிச்சா போலீஸ்காரங்க எழுதின மாதிரி இருந்துச்சு. கடைசியில ‘கல்யாணப் பேச்சு இல்லாத பழக்கம்’னு எழுதினேன். படிச்ச உடனே எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. புரிஞ்சதும் எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

பொம்பளைங்ககிட்ட நான் கேக்கணும், ஆம்பளைங்ககிட்டக் கேக்க ஒரு ஆள் வேணும். அதுக்கு வந்தவர்தான் அவர். பேரையூர் பக்கம் ஒரு கிராமம், சோஷியல் ஒர்க் படிச்சவரு, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு லாட்ஜ்ல மாச வாடகைக்கு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாரு. எங்களை மாதிரியே சர்ச்சுக்குப் போற குடும்பம். நான் பத்து வார்த்தை பேசினா அவர் ஒரு வார்த்தை பேசுவாரு, அதையும் யோசிச்சுட்டுத்தான் பேசுவாரு. முதல் வாரம் எனக்கு அது எரிச்சலா இருந்துச்சு. மூணாவது வாரம் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்.

ஒரு வீட்டுல ஒரு ஆளைத் தனியா உக்கார வச்சுத்தான் கேக்கணும்னு அந்த டென்மார்க் அம்மா ரூல் போட்டிருந்தாங்க. மதுரையில அது நடக்கிற காரியமா? பழைய ஊருக்குள்ள லுங்கிக் கடை வச்சிருக்கிற ஒரு பாய் வீட்டுக்குப் போனோம். சுபாவத்தைப் பத்தின கேள்வியை இவர் வாசிச்சாரு: "நான் நிதானமான ஆள், எளிதில் கோபப்பட மாட்டேன்." பாய் தாடியைத் தடவிக்கிட்டு, "ஆறு போட்டுக்கங்க தம்பி"ன்னாரு. உள்ளேர்ந்து அவர் வீட்டம்மா குரல் வந்துச்சு: "யா அல்லா! ஒண்ணு போடுங்க தம்பி, அதுவே ஜாஸ்தி!" அடுத்த கேள்விக்கு மகள் பதில் சொன்னா, அதுக்கடுத்ததுக்குப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பாத்துச் சொன்னாரு. கல்யாணப் பேச்சு இல்லாத பழக்கம் பத்திக் கேட்டப்ப பாய் சிரிச்சுட்டாரு. "தம்பி, நம்மகிட்ட ஒரு தடவை லுங்கி எடுத்தவரு முப்பது வருஷமா வாராரு. அவர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நான் போறேன். நமக்கு யாவாரத்துலகூட சும்மா பழகத் தெரியலையே, இதுல எங்க"ன்னாரு. அதுக்கு என்ன நம்பர் போடுறதுன்னு தெரியாம நாங்க ரெண்டு பேரும் முழிச்சோம்.

ஆனா கேள்வி கேக்கிறதுக்கு முன்னாடி நாங்க பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒண்ணு இருந்துச்சு. எந்த வாசல்ல போய் நின்னாலும் அதுதான் முதக் கேள்வி. "நீங்க ரெண்டு பேரும் என்ன முறை?"

"கூட வேலை பாக்குறவரு"ன்னு சொன்னா, "ஓ..."ன்னு இழுப்பாங்க. அந்த இழுவையிலயே கதவு பாதி சாத்திரும். ஆரப்பாளையத்துல ஒரு அம்மா எங்களை மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஒத்தையா வாங்க. இல்லாட்டி கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு வாங்க"ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டு உள்ள போயிருச்சு. எனக்கு வந்துச்சே கோவம்! அதே கோவத்தோட அடுத்த வீட்டு வாசல்ல ஏறி, அவங்க வாயைத் தொறக்குறதுக்குள்ள, "இவர் எங்க பெரியம்மா மகன். எனக்கு அண்ணன்"னு சொல்லிப்புட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பாத்தாரு. அதுக்குள்ள ரெண்டு சேர் வந்துச்சு, சொம்புல தண்ணி வந்துச்சு, "அண்ணனும் தங்கச்சியும் இந்த வெயில்ல எம்புட்டுத் தூரம் அலையுறீக"ன்னு ஒரு அனுதாபமும் வந்துச்சு. அன்னைக்கு ஒரே தெருவுல ஆறு ஃபார்ம் முடிச்சோம். அதுலேர்ந்து மதுரை முழுக்க அவர் எனக்குப் பெரியம்மா மகன்தான். இத்தனைக்கும் எங்க அம்மாவுக்குக் கூடப் பிறந்த அக்காவே கிடையாது.

அடுத்த மாசம் என்ன ஆச்சுன்னா, அந்தப் பெரியம்மா மகனை எனக்குப் பிடிச்சுப்போச்சு. அவருக்கும் என்னைப் பிடிச்சிருந்துச்சு. வேலை முடிஞ்சதும் பைக்ல ஊர் சுத்துறது, வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் போய் உக்காந்து சுண்டல் சாப்பிடுறது, ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சுக்கிட்டுப் படம் பாக்குறது. அதுக்கு மேல என்னன்னு கேட்டீங்கன்னா, எங்க ஃபார்ம்லயே ‘பதில் சொல்ல விருப்பமில்லை’ன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் போட்டுக்கிறேன்.

ஒரு சாயங்காலம் தெப்பக்குளத்துச் சுவர்ல உக்காந்து நான்தான் ரூல் போட்டேன். "பாருங்க, இதுல கல்யாணப் பேச்சு வரக் கூடாது. யாரும் யாரையும் எதுவும் கேக்கக் கூடாது. உங்களுக்கு வேற நல்லது அமைஞ்சா நீங்க போங்க, எனக்கு அமைஞ்சா நான் போறேன். அழுகை, சண்டை எதுவும் கிடையாது."

அவர் குளத்தைப் பாத்துக்கிட்டே, "சரி"ன்னாரு. அம்புட்டு சீக்கிரம் ஒத்துக்கிட்டதுல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்னக் கடுப்புதான். கேட்டதைக் கொடுத்தாலும் கடுப்பாகுற சுபாவம் எனக்கு.

ஏன் அப்படி ஒரு ரூல் போட்டேன்னு சொல்லணும். அதுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு நிச்சயம் நடந்து நின்னுபோச்சு. எங்க சர்ச்சுல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபனை இருக்கிறவங்க சொல்லலாம்னு எங்க சர்ச் ஐயர், அதான் பாஸ்டர், எல்லார் முன்னாடியும் அறிவிப்பாரு. எனக்கு ரெண்டு ஞாயிறு வாசிச்சாங்க. மூணாவது ஞாயிறுக்கு முதநாள் மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு, அவருக்கு வெளிநாட்டுல வேற யோசனையாம். மறுநாள் நான் வீம்புக்குன்னே சர்ச்சுக்குப் போனேன். மத்த ரெண்டு ஜோடிக்கு வாசிச்சாங்க, எங்க பேர் வரல. நானூறு பேர் ஒண்ணா என் முதுகைப் பாக்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு முடிவு பண்ணினதுதான், இனிமே யார் வாயிலேர்ந்தும் என் பேரை எதிர்பாத்து உக்கார மாட்டேன்னு.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டென்மார்க் அம்மா வீடியோ கால்ல வருவாங்க. ஐம்பது வயசு இருக்கும், எப்பவும் ஒரு பெரிய கப்புல கறுப்புக் காபியோட உக்காந்திருப்பாங்க. திடீர்னு ஃபார்ம் எண்ணிக்கை கூடினது எப்படின்னு கேட்டாங்க. அண்ணன் தங்கச்சின்னு சொல்றோம்னேன். அவங்க கப்பைக் கீழ வச்சுட்டாங்க. அவங்க ஊர்ல ரெண்டு பேர் ஆறு வருஷம் ஒரே வீட்டுல இருந்தாலும் என்ன உறவுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கேக்க மாட்டாங்களாம். அதைக் கேட்டதும், ஆகா, அங்கல்ல பிறந்திருக்கணும்னு எனக்கு ஏக்கமாப் போச்சு.

"உங்களுக்கு இந்த மாதிரிப் பழக்கம் இருந்திருக்கா?"ன்னு ஒரு நாள் அவங்களையே கேட்டுட்டேன். வாய்த்துடுக்கு, வேறென்ன. அவங்க கோவிச்சுக்கல. நாலு வருஷம் ஒருத்தரோட அப்படிப் பழகினாங்களாம். ரெண்டு பேரும் எந்த வாக்கும் கொடுத்துக்கல, சந்தோஷமாத்தான் இருந்தாங்களாம். ஒரு நாள் அவர் வேற ஊருக்குப் போயிட்டாரு. "சண்டை இல்ல, அவர் மேல தப்பும் இல்ல. ஆனா எனக்கு அழுகை வந்துச்சு. யார்கிட்ட என்னன்னு சொல்லி அழுறது? அப்படி ஒருத்தர் இருந்ததே யாருக்கும் தெரியாதே. மறுநாள் வழக்கம்போல ஆபீஸ் போனேன்"னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், ஆனா அன்னைக்கு ராச்சாப்பாடு எனக்கு இறங்கல. எதுக்கு இறங்கலன்னு யோசிக்கவும் நான் தயாரா இல்ல.

இப்ப எல்லாத்தையும் புரட்டிப்போட்ட அந்த வீட்டுக்கு வாரேன். தல்லாகுளத்துக்கு அந்தப் பக்கம், போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒருத்தர், அவர் மனைவி, ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருக்கிற மகள். அவங்களும் நம்ம ஆளுங்கதான், வேற சர்ச். அந்தப் பொண்ணுகிட்ட நான் கேள்வி கேட்டேன். துடிப்பான பொண்ணு. "கல்யாணப் பேச்சு இல்லாத பழக்கமா? எங்க வீட்டுல கல்யாணப் பேச்சுதான்க்கா இருக்கு, பழக்கத்துக்குத்தான் ஆள் இல்ல"ன்னு சொல்லி என்னைச் சிரிக்க வச்சிருச்சு. இவர் முன்னறையில அந்த அப்பாகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. மேல டியூப் லைட் விட்டு விட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஃபார்ம் முடிஞ்சதும், யாரும் கேக்காமலே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி அதைச் சரி பண்ணினாரு. இறங்கினதும், தன் கால் பட்ட ஸ்டூலைக் கைக்குட்டையால துடைச்சு, இருந்த இடத்துலயே வச்சாரு. அந்த அம்மா சமையக்கட்டு வாசல்ல நின்னு அதைப் பாத்தாங்க. அவ்வளவுதான், அவங்க மனசு அங்கேயே விழுந்துருச்சு.

நாலு நாள் கழிச்சு எனக்கு அவங்க போன் பண்ணினாங்க. "ஏம்மா, உங்க அண்ணனுக்குப் பொண்ணு பாக்குறீங்களா?"

எனக்கு ஒரு நிமிஷம் எந்த அண்ணன்னே புரியல.

"உங்க பெரியம்மா மகனைத்தான் கேக்குறேன். தங்கமான பிள்ளையா இருக்காரு. எங்க பொண்ணையும் நீங்க பாத்திருக்கீங்க. பெரியவங்ககிட்ட அப்புறம் பேசிக்கலாம். நாத்தனார் மனசு ஒத்துக்கிட்டாத்தானே ஒரு பொண்ணு போற இடத்துல நிம்மதியா இருக்க முடியும், அதான் முதல்ல உங்ககிட்டக் கேக்குறேன்"னாங்க. என்ன ஒரு மரியாதை! என் காதலனுக்குப் பொண்ணு கொடுக்க என்கிட்டயே சம்மதம் கேக்குறாங்க. அண்ணன் இல்லன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க. "கேட்டுச் சொல்றேன்மா"ன்னு போனை வச்சுட்டேன்.

சாயங்காலம் அவர்கிட்டச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாருன்னு நெனச்சுத்தான் சொன்னேன். அவர் சிரிக்கல.

"எங்க வீட்டுலயும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. அம்மா தினம் போன் பண்றாங்க"ன்னாரு. டீ கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு. "நீ என்ன சொல்ற?"

அந்த இடத்துல, "போகாதீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனா ரூல் போட்டது நான். எதுவும் கேக்கக் கூடாதுன்னு பெருமையாச் சொன்னது நான். அதை நானே மீறுறதா? "நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? நல்ல பொண்ணு. போய்ப் பாருங்க"ன்னேன். குரல்கூட நல்லாத்தான் இருந்துச்சு.

அவர் மீதி டீயைக் குடிக்காம வச்சுட்டாரு. "நீயும் வரணும். தங்கச்சி இல்லாம எப்படிப் போறது?"ன்னாரு. அவர் குத்திக்காட்டிப் பேசினதை அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேட்டேன்.

"வாரேனே! எனக்கென்ன"ன்னேன் நானும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு போறதா ஏற்பாடு. அந்த ஒரு வாரம் நான் வீட்டுல எரிஞ்சு விழுந்ததுல அம்மா என்கிட்டப் பேசுறதையே நிறுத்திட்டாங்க. ராத்திரி கண்ணை மூடினா அவர் அந்த வீட்டு முன்னறையில, அந்தக் கணக்கு டீச்சர் பக்கத்துல, டியூப் லைட் பளிச்சுனு எரியுது. அவரை இழக்கப் போறேன்னு எனக்கு அப்பட்டமாத் தெரிஞ்சுச்சு. யாரும் பிடுங்கிக்கிட்டுப் போகல, நானே பட்டுச்சேலை கட்டிக் கொண்டுபோய் விடப் போறேன்.

போறப்ப ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கினேன். பூ மட்டும் வாங்கல. அது என் தந்திரம். எங்க பக்கம் மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி முறையில இருக்கிறவ, பொண்ணு தலையில பூ வச்சு விட்டுட்டா பேச்சு முடிஞ்ச மாதிரி. அதுக்கப்புறம் பின்வாங்குனா அந்தப் பொண்ணுக்குத்தான் அவமானம். பூவே இல்லன்னா வைக்கிறதுக்கு என்ன இருக்கு? இப்படிப் பழம் வாங்கும்போது கணக்குப் போட்டவ, இதையெல்லாம் ஏன் பண்றோம்னு ஒரு நிமிஷம் தன்னையே கேட்டிருக்கலாம்ல? கேக்கல.

அந்த அம்மா கேசரியும் உளுந்து வடையும் பண்ணியிருந்தாங்க. அப்பா போஸ்ட் ஆபீஸ் கதை சொன்னாரு. இவர் ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்தப் பொண்ணு மாம்பழக் கலர்ல பட்டுச்சேலை கட்டிக் காபி கொண்டுவந்து கொடுத்துட்டு, என் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. அழகா இருந்துச்சு. அழகா இருக்கேன்னு அது மேலயும் எனக்குக் கோவம்.

அப்பத்தான் அந்த அம்மா எந்திரிச்சுப் போனாங்க. ஃபிரிட்ஜைத் தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. கையில ஒரு எவர்சில்வர் தட்டு, அதுல வாழை இலை, இலைக்குள்ள நாலு முழம் மல்லிகைப்பூ.

"பொண்ணு வெறும் தலையோட உக்காந்திருக்கா பாருங்க. நீங்களே வச்சு விடுங்கம்மா"ன்னு என் மடியில வச்சாங்க. ஒண்ணுமே தெரியாத மாதிரி முகத்தை வச்சுக்கிட்டாங்க. கில்லாடி. மதுரையில ஒருத்தி பூ வாங்காம வந்துட்டா கல்யாணம் நின்னுபோயிருமா?

அந்தப் பொண்ணு எனக்கு வசதியாத் திரும்பி உக்காந்துச்சு. பின்னல்ல ஹேர்பின் தயாரா இருந்துச்சு. நான் பூவைக் கையில எடுத்தேன். சில்லுனு இருந்துச்சு, ஃபிரிட்ஜ்ல இருந்த பூவாச்சே. ஒரு முனையைப் பின்னல்கிட்டக் கொண்டுபோனேன். இதை வச்சுட்டா முடிஞ்சுச்சு. நாளைக்கு இவர் யாரோ, நான் யாரோ. அதோட இந்தப் பொண்ணும் கழுத்தை நீட்டி உக்காந்திருக்கே, இதுக்கு நான் என்ன செஞ்சுக்கிட்டிருக்கேன்?

"என்னால முடியல"ன்னேன்.

"பின் குத்த வரலையாம்மா?"

"இல்லம்மா. இவர் எனக்கு அண்ணன் இல்ல. எனக்குப் பெரியம்மாவே இல்ல. இவரை எனக்குப் பிடிக்கும். இவரை விட்டுக் கொடுக்க என்னால முடியாது. மன்னிச்சுக்கங்க." எல்லாம் ஒரே மூச்சுல வந்துச்சு. சொல்லி முடிச்சப்ப என் கண்ணுலேர்ந்து தண்ணி பூ மேல விழுந்துக்கிட்டு இருந்துச்சு.

அவர் ஃபேனை விட்டுட்டு என்னைப் பாத்தாரு. முதல்ல வாயைத் தொறந்தது அந்த அம்மா. "அண்ணன்னு சொல்லித்தானே வீட்டுக்குள்ள வந்தீங்க? அந்த ஒரு வார்த்தையை நம்பித்தானே நான் வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு உக்கார வச்சேன்? படிச்ச பிள்ளைங்க செய்யுற வேலையா இது?" ஒவ்வொண்ணும் நியாயமான கேள்வி. வாய் ஓயாம பேசுறவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அந்தப் பொண்ணு மெதுவா என் கையிலேர்ந்து பூவை வாங்கிக்கிச்சு. முகம் சிவந்திருந்துச்சு. அதுக்கும் வலிக்கத்தானே செய்யும். "பூ வச்சதுக்கப்புறம் சொல்லியிருந்தீங்கன்னா உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்க்கா. வைக்காமச் சொன்னீங்களே, பொழச்சுப் போங்க"ன்னு சொல்லிட்டு, தானே கண்ணாடி முன்னாடி போய் நின்னு அந்த நாலு முழத்தையும் தன் தலையில வச்சுக்கிச்சு. "என் சேலைக்கு நான் வச்சுக்கிறேன், யாரும் வைக்க வேணாம்." அந்த அப்பாதான் முதல்ல சிரிச்சாரு. அந்த அம்மாவுக்குக் கோவம் தணியல. தணியாமலே, "வடை ஆறிப்போகுது, தின்னுட்டுக் கிளம்புங்க. அப்புறம் ரெண்டு பேரும் என்ன முறைன்னு முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க"ன்னாங்க. நாங்க மூச்சுவிடாம ஆளுக்கு ரெண்டு வடை தின்னுட்டு வெளிய வந்தோம்.

தெருமுனையில ஒரு வேப்பமரத்தடியில அவர் பைக்கை நிறுத்தினாரு. இறங்கி, கையில இருந்த சாவியையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"திட்டணும்னா திட்டுங்க. இப்படி நிக்காதீங்க"ன்னேன்.

"திட்டல."

"அந்தப் பொண்ணை உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா? கல்யாணம் பண்ணியிருப்பீங்களா?"

"இன்னைக்குத்தான் நீ என்கிட்ட முதத் தடவையா ஒரு கேள்வி கேக்குற"ன்னாரு.

எனக்குச் சுருக்குனு தைச்சுச்சு. அவர் தொடர்ந்து பேசினாரு. அவ்வளவு நீளமா அவர் பேசி நான் கேட்டதே இல்ல. "ஊர்ல அத்தனை பேர்கிட்டயும் அறுபது அறுபது கேள்வி கேட்ட. எனக்கு இது போதுமா, எனக்கு என்ன வேணும்னு ஒரு நாள் கேட்டியா? நீயா ரூல் போட்ட. சரின்னு சொல்லலேன்னா அன்னைக்கே எந்திரிச்சுப் போயிருவியோன்னு பயந்துதான் சரின்னேன். இந்த வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். நீ ‘போகாதீங்க’ன்னு சொல்லுவியான்னு ஒரு வாரமா ஒவ்வொரு நாளும் காத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணுகிட்ட நானும்தான் தப்புப் பண்ணிட்டேன்."

"பயமா? உங்களுக்கா?"

"தினமும் சாயங்காலம் உன்னை வீட்டுப் பக்கம் இறக்கி விட்டுட்டுத் திரும்புறப்ப, நாளைக்கு இவ வருவாளா மாட்டாளான்னு நெனச்சுக்கிட்டேதான் லாட்ஜுக்குப் போவேன். நீ பத்து நிமிஷம் லேட்டா வந்தாக்கூட, சரி, முடிஞ்சுபோச்சு போலன்னு நெனச்சுக்குவேன். அஞ்சு மாசமா இதே பொழப்பு."

எந்தக் கஷ்டம் எனக்கு இனி வேணவே வேணாம்னு ரூல் போட்டேனோ, அதே கஷ்டத்தைத் தினம் ஒரு தடவை இந்த மனுஷன் தலையில கட்டி அனுப்பியிருக்கேன். அவர் பேசாம இருந்ததை எல்லாம் கவலை இல்லாத சுபாவம்னு நெனச்சுக்கிட்டேன். என் மேலயே எனக்கு வந்த ஆத்திரத்துல அவர் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டேன், நடுத்தெருவுல, ஞாயித்துக்கிழமை மத்தியானம், ரெண்டு வீட்டு ஜன்னல்லேர்ந்து ஆளுங்க பாத்துக்கிட்டு இருக்காங்க.

"நாளைக்கு வாரேன்"னேன். "நாளான்னைக்கும் வாரேன். லீவு நாள்லயும் வாரேன்."

"சண்டை போட்ட மறுநாள்?"

"அன்னைக்குத்தான் பத்து நிமிஷம் முன்னாடியே வாரேன்."